சென்னை – சிங்கப்பூர்: தொலைவு ஒன்றுதான், பயண நேரம் மட்டும் ஏன் பலவாகத் தெரிகிறது?

கேள்வி – குடந்தைவாசி

அனைவருக்கும் வணக்கம்.

என் பெற்றோர் இருவரும் வரும் ஆடிக் கடைசியில், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பியின் வீட்டிற்குச் செல்லவிருக்கிறார்கள். இருவருக்கும் இதுவே முதல் விமானப் பயணம். அப்பா ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். எந்த எண்ணையும் தாமே ஒருமுறை போட்டுப் பார்க்காமல் ஏற்க மாட்டார். பயணச்சீட்டு இன்னும் எடுக்கவில்லை. தம்பி அனுப்பிய உத்தேச நேர விவரத்தை மட்டும் அச்சிட்டு அப்பாவிடம் கொடுத்தேன். மறுநாள் காலையில் அந்தத் தாள், விடைத்தாளைப் போலச் சிவப்பு மையில் வட்டங்களுடன் என் மேசையில் கிடந்தது.

முதல் வட்டம் தொலைவைப் பற்றியது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான தூரம் ஓர் இணையதளத்தில் 2,924 என்றும், இன்னொன்றில் 1,817 என்றும், மூன்றாவதில் 1,579 என்றும் இருந்ததை அப்பாவே என் கைபேசியில் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார். இரண்டாவது வட்டம் நேரத்தைப் பற்றியது. சென்னையில் இரவு 23:15-க்குப் புறப்படும் விமானம் காலை 06:05-க்குச் சிங்கப்பூரில் இறங்குகிறது. திரும்பும்போது அங்கே 20:30-க்குப் புறப்பட்டு இங்கே 22:10-க்கு வந்துவிடுகிறது. கழித்துப் பார்த்தால் போவதற்கு ஆறு மணி ஐம்பது நிமிடம், வருவதற்கு ஒரு மணி நாற்பது நிமிடம். "போவது மலையேற்றம், வருவது இறக்கமா?" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார்.

நேர வேறுபாடு என்று ஒன்று உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர் கேட்கும் அளவிற்கு விளக்கிச் சொல்ல எனக்கு வரவில்லை. உண்மையான தொலைவு எவ்வளவு? இருவரும் இருக்கையில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்? போகவும் வரவும் ஆகும் நேரம் ஒன்றுதானா? எங்கள் ஊர் கும்பகோணம். சென்னைக்குச் சென்று ஏறுவதா, திருச்சியிலேயே ஏறுவதா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 – பாசிர் ரிஸ் வாசி

சகோதரி, உங்கள் தந்தையின் கழித்தலில் பிழையே இல்லை. அவர் கழித்தது இரண்டு வெவ்வேறு கடிகாரங்களை என்பதுதான் சிக்கல். பயணச்சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சிடப்படும். உலகெங்கும் இதுவே வழக்கம். சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தை விட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஆகவே போகும்போது கிடைத்த ஆறு மணி ஐம்பது நிமிடத்திலிருந்து இரண்டரை மணியைக் கழித்தால் நான்கு மணி இருபது நிமிடம். வரும்போது கிடைத்த ஒரு மணி நாற்பது நிமிடத்துடன் இரண்டரையைக் கூட்டினால் நான்கு மணி பத்து நிமிடம். இடையில் மிஞ்சும் பத்து நிமிடத்திற்கு வேறு காரணம் உண்டு. அதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

கணக்கு ஆசிரியர் என்பதால் இதையும் சொல்லுங்கள், விரும்பிக் கேட்பார். சென்னை ஏறத்தாழ 80 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும், சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் 104 பாகையிலும் இருக்கின்றன. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று வைத்தால், சூரியனை வைத்துப் பார்க்கும்போது இரு ஊர்களுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 95 நிமிடமே. பிறகு இரண்டரை மணி எங்கிருந்து வந்தது? இந்தியா 82.5 பாகையை அடிப்படையாகக் கொண்டு நேரம் வைத்திருப்பதால் சென்னையின் கடிகாரம் சூரியனுக்குச் சுமார் ஒன்பது நிமிடம் முந்தி நிற்கிறது. சிங்கப்பூரோ 120 பாகைக்கு உரிய நேரத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. முன்பு கிரீன்விச் நேரத்தை விட ஏழரை மணி முன்னால் இருந்த அதன் நேரக்கணக்கு, மலேசியாவுடன் ஒத்துப்போவதற்காக 1982 சனவரி 1 முதல் அரை மணி முன்னே தள்ளப்பட்டு எட்டு மணி ஆயிற்று. அதனால்தான் இங்கே சிங்கப்பூரில் பொழுது விடியவே காலை ஏழு மணி ஆகிவிடும். உங்கள் பெற்றோர் 06:05-க்கு இறங்கும்போது வெளியே இருட்டாகத்தான் இருக்கும். கடிகாரம் தவறோ என்று திகைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மறுமொழி 2 – நெடுவழி

மேலே உள்ளவர் விட்டுவிட்ட பத்து நிமிடத்திற்குக் காரணம் பூமியின் சுழற்சி. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், கிழக்கே போகும் விமானத்திற்குச் சிங்கப்பூர் விலகிக்கொண்டே போகிறது. மேற்கே திரும்பும்போது சென்னை எதிர்கொண்டு வருகிறது. ஆகவே வரும்போது நேரம் குறைகிறது.

மறுமொழி 3 – வங்கக்கடல்

நெடுவழி ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த விளக்கம் பலரும் நம்புவதுதான் என்றாலும் சரியன்று. நிலநடுக்கோட்டருகே பூமியின் தரை மணிக்குச் சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே நகர்கிறது. நீங்கள் சொல்வதுபோல் இருந்தால், 850 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானம் எந்தக் காலத்திலும் சிங்கப்பூரை எட்டிப் பிடிக்க முடியாது. தரையோடு சேர்ந்து அதன் மேலுள்ள காற்றும் சுழல்கிறது. விமானம் அந்தக் காற்றைப் பற்றிக்கொண்டுதான் பறக்கிறது. ஓடும் இரயிலுக்குள் என்ஜினை நோக்கி நடப்பவருக்கும் கடைசிப் பெட்டியை நோக்கி நடப்பவருக்கும் ஒரே அளவு நேரம்தானே ஆகிறது?

விமானப் பயணத் திட்டமிடும் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், ஆசிரியர் ஐயாவின் சிவப்பு வட்டங்களை வரிசையாக எடுத்துக்கொள்கிறேன்.

அவர் குறித்த மூன்று எண்களும் ஒரே தொலைவுதான். 2,924 என்பது கிலோமீட்டர். 1,817 என்பது மைல். 1,579 என்பது கடல் மைல். கப்பலும் விமானமும் இன்றும் கடல் மைலில்தான் கணக்கு வைக்கின்றன. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.; நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் வரையுள்ள 90 பாகைகளில், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கிற்கு உரிய தரைத்தொலைவே அதன் தொடக்கம். இணையதளங்கள் அலகைச் சிறு எழுத்தில் போடுவதால் வரும் குழப்பம் இது. மூன்றையும் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஐயா மகிழ்ச்சி அடைவார்.

இந்த 2,924 கி.மீ. என்பது பூமிப்பந்தின் மேல் இரு விமான நிலையங்களுக்கிடையே நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் குறுகிய நீளம். அந்த நூல் மீனம்பாக்கத்தில் தொடங்கித் தென்கிழக்காக வங்கக் கடலைக் கடந்து, பெரிய நிக்கோபார்த் தீவின் தென்கோடியான இந்திரா முனைக்கு மிக அருகில் சென்று, சுமத்ராவின் வடகோடியை ஒட்டிச் சாங்கியை அடைகிறது. (தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் முதலாம் இராசேந்திரன் வென்ற இடங்களாக வரும் மாநக்கவாரமும் இலாமுரி தேசமும் இதே நிக்கோபாரும் சுமத்ராவின் வடமுனையும்தான் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும்.) ஆனால் எந்த விமானமும் அந்த நூலை அப்படியே பிடித்துப் பறப்பதில்லை. ஐந்தெழுத்துப் பெயர் சூட்டிய புள்ளிகளை இணைத்து வகுக்கப்பட்ட வான்வழிகள் இருக்கின்றன. நிக்கோபார்ப் பகுதியைக் கடந்து, மலாக்கா நீரிணையின் மேல் தெற்கே திரும்பி இறங்குவது வழக்கம். ஓடுபாதை எந்தத் திசையில் பயன்பாட்டில் இருக்கிறது, வழியில் இடிமேகம் எங்கே திரண்டிருக்கிறது என்பவற்றைப் பொறுத்து ஐம்பது, நூறு கி.மீ. கூடுவது இயல்பு.

இனி நேரம். இத்தடத்தில் பெரிதும் ஓடும் ஏ320, போயிங் 737 வகை விமானங்கள் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 850 கி.மீ. வேகத்தில் செல்லும். 2,924-ஐ 850-ஆல் வகுத்தால் மூன்று மணி இருபத்தாறு நிமிடம். பயணச்சீட்டிலோ நான்கு மணி இருபது நிமிடம். மீதி எங்கே போயிற்று என்று ஐயா நிச்சயம் கேட்பார். பயணச்சீட்டில் உள்ள நேரம் வானில் இருக்கும் நேரமன்று. சென்னையில் விமானம் தன் நிறுத்தத்தை விட்டுப் பின்னோக்கி நகரத் தொடங்குவதிலிருந்து, சாங்கியில் நிறுத்தத்திற்கு வந்து சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கும் வரையிலான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, முன்னே நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது, ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவாக இருப்பது, சாங்கியில் நெரிசல் இருந்தால் வானிலேயே ஒரு வட்டம் அடிப்பது எல்லாம் இதில் அடங்கும். இவற்றுக்கும் மேல், தாமதமானது என்ற பெயர் வராதிருக்கச் சில நிமிடங்களைக் கூடுதலாகவே வைத்து அச்சிடுவார்கள். அதனால்தான் சில நாள்களில் விமானம் இருபது நிமிடம் முன்னதாகவே தரையிறங்கிவிட்டு, நிற்க இடம் கிடைக்காமல் ஓரமாகக் காத்திருக்கிறது. பயணிகள் எல்லோரும் எழுந்து நின்று, தலைக்கு மேலுள்ள பெட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு நடுவழியில் கழுத்தை வளைத்தபடி நிற்பார்கள். உங்கள் பெற்றோரை உட்கார்ந்தே இருக்கச் சொல்லுங்கள்.

போயிங் 787, ஏ350 போன்ற பெரிய விமானங்கள் இன்னும் சற்று வேகமானவை. இத்தொலைவில் அவை கால் மணி நேரம் மிச்சம் பிடிக்கும். ஒரே தடத்தில் இரு நிறுவனங்கள் வேறு வேறு நேரம் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக அந்தப் பத்து நிமிடம். அது காற்றின் வேலை. இலண்டனிலிருந்து நியூயார்க் போக எட்டு மணி, திரும்ப ஏழு மணி என்பதைக் கேட்டவர்கள், கிழக்கு நோக்கிப் பறந்தால் எங்கேயும் நேரம் குறையும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது நடு அட்சரேகைகளில் மேற்கிலிருந்து வீசும் தாரைக்காற்றுக்கு (உயரத்தில் ஆறுபோல் வேகமாக ஓடும் காற்றோட்டத்திற்கு) பொருந்தும். நம் பக்கத்தில் கதை வேறு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் சூன் முதல் செப்டம்பர் வரை, தென்னிந்தியாவின் மேல் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வலுத்த காற்றோட்டம் உருவாகிறது. கோடையில் திபெத்துப் பீடபூமியும் அதன் சுற்றுப்புறமும் சூடேறுவதால் அதற்கு மேலே பெரிய உயரழுத்தச் சுழற்சி ஒன்று அமைகிறது. அதன் தென்விளிம்பில் ஓடுவதுதான் இந்தக் கீழைத் தாரைக்காற்று. இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோடேஸ்வரம் 1958-இல் வெளியிட்ட ஆய்வினால் இது உலக அளவில் அறியப்பட்டது. அதன் மையம் 14 முதல் 16 கி.மீ. உயரத்தில், ஏறத்தாழச் சென்னையின் அட்சரேகையிலேயே ஓடும். பயணிகள் விமானம் 11, 12 கி.மீ. உயரத்தில் பறப்பதால் அதன் முழு வேகத்தைச் சந்திப்பதில்லை என்றாலும், அடிப்பகுதியே போதிய அளவு தள்ளும்.

ஐயாவுக்காக ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: எதிர்க்காற்று சராசரியாக 50 கி.மீ. என்று கொண்டால், போகும்போது தரையைப் பொறுத்த வேகம் 800, ஆகும் நேரம் மூன்று மணி முப்பத்தொன்பது நிமிடம். வரும்போது வேகம் 900, ஆகும் நேரம் மூன்று மணி பதினைந்து நிமிடம். வேறுபாடு இருபத்துநான்கு நிமிடம். "ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்" என்று நாம் சொல்வது மேற்கிலிருந்து தரையோரம் வீசும் காற்றை. அதே ஆடியில் அம்மிக்கு நேர் மேலே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் காற்று எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் இந்தக் கீழைக்காற்று இருக்காது. வட இந்தியாவின் மேல் வேகமாக வீசும் மேலைக்காற்றும் சென்னைக்குத் தெற்கே வலுவிழந்துவிடும். அப்போது போக, வர ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

மறுமொழி 4 – நெடுவழி

இரயில் எடுத்துக்காட்டு தெளிவாக்கிவிட்டது. என் கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இத்தனை ஆண்டுகளாக என் பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்பதுதான் வருத்தம்.

மறுமொழி 5 – தில்லைநகர்

கும்பகோணத்தார் சென்னைக்குப் போவானேன் என்பதே என் கேள்வி. திருச்சியிலிருந்து சாங்கிக்கு நேர்த்தொலைவு சுமார் 2,980 கி.மீ.; சென்னையை விட 57 கி.மீ.தான் கூடுதல், அதாவது வானில் நான்கு நிமிடம். தரையில் நிலைமை தலைகீழ். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சி நூறு கி.மீ.க்குள் அடங்கும், சென்னை ஏறக்குறைய முந்நூறு. நான்கு நிமிடத்தை மிச்சப்படுத்துவதற்காக நான்கு மணி நேரம் சாலையில் கூடுதலாக உட்காருவது வயதானவர்களுக்கு வீண் அலைச்சல். திருச்சியிலிருந்து நேரடி விமானங்கள் இருக்கின்றன. கட்டணத்தில் சிறிது வேறுபாடு இருந்தாலும் சென்னைக்கு வாடகை வண்டி பேசும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். கொழும்பு வழியாகவோ கோலாலம்பூர் வழியாகவோ மாறிச் செல்லும் மலிவான சீட்டு கண்ணில் படும். முதல்முறை பயணிப்பவர்களுக்கு அது வேண்டாம்.

தொலைவையும் நேரத்தையும் விட முக்கியமானது தேதி. என் சித்தப்பாவுக்கு வாங்கிய சீட்டில் 15-ஆம் தேதி 00:40 என்று இருந்தது. 15-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, நாங்கள் ஒன்பது பேர் வழியனுப்ப இரண்டு வண்டிகளில் விமான நிலையம் போய்ச் சேர்ந்தோம். வாயிலில் நின்ற காவலர் தாளைப் பார்த்துவிட்டு, "ஐயா, இது நேற்று இரவே போய்விட்டதே" என்றார். 14-ஆம் தேதி இரவே கிளம்பியிருக்க வேண்டும் என்பது எங்கள் ஒன்பது பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. புளிச்சாதப் பொட்டலத்தை அங்கேயே வாகன நிறுத்துமிடத்தில் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். உங்கள் சீட்டில் சேரும் நேரத்திற்குப் பக்கத்தில் +1 என்று இருந்தால் அது மறுநாள் என்று பொருள். உங்கள் தம்பி எந்தத் தேதியில் சாங்கிக்கு வரவேண்டும் என்பதை அதை வைத்துச் சொல்லுங்கள்.

குடந்தைவாசி

எல்லோருக்கும் மிக்க நன்றி. மறுமொழிகளை அச்சிட்டு அப்பாவிடம் கொடுத்தேன். 1.852-ஆல் பெருக்கிப் பார்த்து, 1,579-க்கு அருகில் "சரி" என்று குறியிட்டுவிட்டார். திருச்சி என்பதும் முடிவாகிவிட்டது. அம்மாவுக்குத்தான் இதில் மிகுந்த நிம்மதி.

இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. ஆடியில் எதிர்க்காற்று என்றால் விமானம் அச்சிட்ட நேரத்தை விடத் தாமதமாகுமா? அடுத்து, அப்பா நாற்பது ஆண்டுகளாக ஒரே கைக்கடிகாரம் கட்டுகிறார். அதை எப்போது மாற்றி வைக்க வேண்டும் என்று கேட்கிறார். காலை, இரவு மாத்திரைகளை அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் போட்டுக்கொள்வார்.

வங்கக்கடல்

காற்றினால் தாமதமாகாது. விமான நிறுவனங்கள் ஆண்டுக்கு இரண்டு கால அட்டவணைகள் வெளியிடுகின்றன: மார்ச் கடைசி முதல் அக்டோபர் கடைசி வரை ஒன்று, அதன் பிறகு இன்னொன்று. அந்தந்தப் பருவத்தின் காற்றைக் கணக்கிட்டே பயண நேரம் வகுக்கப்படுகிறது. நீங்கள் பார்த்த நான்கு மணி இருபது நிமிடத்தில் ஆடியின் எதிர்க்காற்று ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. திருச்சி விமானத்தின் அட்டவணையையும் அவ்வாறே நம்பலாம்.

பாசிர் ரிஸ் வாசி

கடிகாரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். என் தாத்தா 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்தவர். அந்தக் கப்பல் 1973 வரை ஓடியது. அப்போது இரு ஊர்களுக்கும் வேறுபாடு இரண்டு மணி நேரம்தான். பயணம் ஏறக்குறைய ஒரு வாரம் என்பதால், கடிகாரத்தைச் சிறிது சிறிதாக முன்னே தள்ளிக்கொண்டே வந்ததாகவும், இறங்கும்போது உடம்பும் கடிகாரமும் ஒன்றாகப் பழகியிருந்ததாகவும் சொல்வார். விமானத்தில் அந்த வசதி இல்லை; இரண்டரை மணியையும் ஒரே இரவில் விழுங்க வேண்டும்.

ஆகவே அப்பா கைக்கடிகாரத்தைத் தொடவே வேண்டாம். இந்திய நேரத்திலேயே ஓடட்டும். அம்மாவின் கைபேசி சாங்கியில் இணைப்புக் கிடைத்ததும் தானாகவே உள்ளூர் நேரத்திற்கு மாறிவிடும். தம்பியோடு வெளியே போக வர அதைப் பார்த்துக்கொள்ளலாம். மாத்திரையை எந்த நேரக்கணக்கில் தொடர்வது என்பதை மட்டும், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் புறப்படுவதற்கு முன் ஒரு சொல் கேட்டு, மாத்திரைப் பட்டையின் மீதே எழுதி வைத்துவிடுங்கள். சிவப்பு மையிலேயே எழுதட்டும், அவருக்குப் பழக்கமான நிறம்.